அலுவலகத்தின் கதை – 11: டீக்கடை கம்பெனி கட்டிய கணினி

சென்ற பகுதியில் துளையட்டைகளைப் பார்த்தோம். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹோலரித் செய்த இயந்திரம், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ரயில்வே, இன்சூரன்ஸ், மின்சாரக் கம்பெனி என்று பெரிய அலுவலகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த இயந்திரங்கள் எந்த வேலையையும் துண்டு துண்டாகத்தான் செய்தன. துளையிட ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று, கூட்ட ஒன்று, அச்சிட ஒன்று. ஒன்றிலிருந்து எடுத்த அட்டைக் கட்டை அடுத்ததில் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் வேண்டும். அடுத்தது எது என்று தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். எதற்குப் பின் எது, எந்தக் கணக்கு யாருக்குப் போக வேண்டும், வழக்கத்துக்கு மாறாக ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் குமாஸ்தாக்களின் தலைக்குள் இருந்தன.

அதை முதன்முதலாக இயந்திரத்துக்குள் எழுதிவைத்தது யார் என்று கேட்டால், பலரும் ஐபிஎம் என்பார்கள். அல்லது ஏதாவது ஒரு பெரிய அமெரிக்க வங்கி என்பார்கள். லண்டனில் டீயும் பன்னும் விற்றுக்கொண்டிருந்த ஜே. லயன்ஸ் அண்ட் கோ என்ற உணவுக் கம்பெனிதான் அதைச் செய்தது. கணினியை விலைக்கு வாங்க வழியில்லாததால் தானே கட்டிக்கொண்டது. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோதே, இந்தக் கதைக்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

1894இல் லண்டன் பிக்காடில்லியில் 213ஆம் எண் கட்டடத்தில் லயன்ஸின் முதல் டீ ஷாப் திறந்தது. முதல் போட்டவர்கள், புகையிலை வியாபாரத்தில் இருந்த சால்மன், க்ளுக்ஸ்டைன் என்ற இரண்டு குடும்பத்தினர். பெயரை மட்டும் கூட்டாளி ஜோசப் லயன்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சுத்தமான மேசை, எல்லாக் கடையிலும் ஒரே விலை, ஒரே ருசி. தனியாக வெளியே வரும் பெண்கள் தயக்கமில்லாமல் உட்கார்ந்து ஒரு கோப்பை டீ குடிக்கக்கூடிய இடமாக அது பெயர் பெற்றது. கடைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பல மாடி கொண்ட கார்னர் ஹவுஸ் உணவகங்கள் வந்தன. கறுப்பு உடையும் வெள்ளை ஏப்ரனும் அணிந்து பரிமாறிய பெண்களை ‘நிப்பி’ என்று ஊரே அழைத்தது. லண்டனின் மேற்கே ஹாமர்ஸ்மித்தில் காட்பி ஹால் என்ற வளாகத்தில் பேக்கரிகளும் அலுவலகங்களும் இயங்கின. 1950ஐ ஒட்டி அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளம் வேதியியலாளர்களில் ஒருவர் மார்கரெட் ராபர்ட்ஸ். திருமணத்துக்குப் பின் மார்கரெட் தாட்சர்.

இந்த வியாபாரத்தில் லாபம் ஃபார்த்திங் கணக்கில்தான் வந்தது. ஃபார்த்திங் என்றால் கால் பென்னி. அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஒரு டீ, ஒரு பன் விற்றால் கையில் நிற்பது அவ்வளவு சொற்பம். ஆனால் அந்த ஒரு டீக்கும் ஒரு பில் உண்டு. அந்த பில்லைக் கடையில் கூட்ட வேண்டும், தலைமை அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும், பேரேட்டில் ஏற்ற வேண்டும். கணக்கெழுதும் செலவு சற்று ஏறினாலும் டீயில் வந்த லாபம் காணாமல் போய்விடும். பெரிய இரும்பாலைக்கோ கப்பல் கம்பெனிக்கோ இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்குப் பரிவர்த்தனைகள் சில, தொகைகள் பெரியவை. லயன்ஸுக்கோ பரிவர்த்தனைகள் லட்சக்கணக்கில், தொகைகளோ சில்லறை. அதனால்தான் கணக்கெழுதும் முறையைப் பற்றி இந்தக் கம்பெனி மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே கவலைப்பட்டது.

அந்தக் கவலையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஜான் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துச் சிறப்பாகத் தேறியவர். 1923இல் லயன்ஸில் சேர்ந்தார். 1930களின் தொடக்கத்தில் கம்பெனிக்குள் ‘சிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸ்’ என்ற சிறு பிரிவு உருவானது. அதன் வேலை, காகிதங்களைப் பின்தொடர்ந்து போவது. ஒரு படிவம் எங்கே பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, அங்கே அதில் என்ன எழுதப்படுகிறது, யார் அதைப் படித்துவிட்டு ஒரு முடிவெடுக்கிறார், கடைசியில் எந்த அலமாரியில் போய் அடங்குகிறது. யாரும் படிக்காத படிவம் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். இரண்டு இடத்தில் எழுதப்படும் எண் ஒரே இடத்தில் எழுதப்படும். பில்களைக் கையால் நகலெடுப்பதை விட்டு மைக்ரோஃபிலிமில் படமெடுத்து வைக்கும் முறையை 1930களிலேயே கொண்டுவந்தார்கள்.

கணினி வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நடந்த வேலை இது. லயன்ஸ் கட்டிய கணினியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த ஆண்டுகளைத் தாண்டிக்கொண்டு நேரே வால்வுகளுக்கும் பாதரசக் குழாய்களுக்கும் போய்விடுகிறார்கள். கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. தன் வேலை எப்படி நடக்கிறது என்று முழுவதும் தெரிந்து வைத்திருந்த அலுவலகம் அன்றைக்கு உலகத்தில் மிகக் குறைவு. லயன்ஸ் அதில் ஒன்று. பின்னால் இயந்திரத்துக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது பதில் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

போர் முடிந்தது. 1947இல் சிம்மன்ஸ் தன் உதவியாளர்கள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஒருவர் ரேமண்ட் தாம்சன், மற்றவர் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு. அங்கே அலுவலக முறைகள் எவ்வளவு முன்னேறியிருக்கின்றன என்று பார்த்துவர வேண்டும் என்பது கட்டளை. அலுவலகங்களில் அவர்கள் பெரிதாக எதையும் காணவில்லை. ஆனால் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடக் கட்டிய எனியாக் என்ற மின்னணு இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். அதைக் கட்டுவதில் பங்கெடுத்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைனை பிரின்ஸ்டனில் போய்ப் பார்த்தார்கள். இந்த இயந்திரத்தால் சம்பளக் கணக்கு போட முடியுமா, சரக்கு இருப்புக் கணக்கு பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அதுவரை அந்தக் கேள்வியோடு அவரிடம் அதிகம் பேர் வந்திருக்க மாட்டார்கள். கோல்ட்ஸ்டைன் ஆர்வத்தோடு பேசினார். உங்கள் ஊரிலேயே, கேம்பிரிட்ஜில், இப்படி ஓர் இயந்திரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, டக்ளஸ் ஹார்ட்ரீ, மாரிஸ் வில்க்ஸ் என்ற பெயர்களையும் கொடுத்து அனுப்பினார்.

லண்டனிலிருந்து காலையில் ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடக்கூடிய ஊரில் இருப்பதை அட்லாண்டிக்கைக் கடந்துபோய்த் தெரிந்துகொண்டு வந்தார்கள். கேம்பிரிட்ஜில் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் பணமும் ஆளும் போதாமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. லயன்ஸ் பண உதவி செய்தது. எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்ற தன் மின்பொறியாளரையும் அனுப்பிவைத்தது. பதிலுக்கு அந்த வடிவமைப்பைத் தங்கள் இயந்திரத்துக்கு அடிப்படையாகக் கொள்ள கேம்பிரிட்ஜ் உதவியது. 1949 மே 6ஆம் தேதி எட்சாக் தன் முதல் நிரலை ஓட்டியது. எண்களின் வர்க்க அட்டவணை ஒன்றை அச்சிட்டது. இனித் தயங்க வேண்டாம் என்று லயன்ஸ் இயக்குநர்கள் முடிவெடுத்தார்கள். போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சியில் இருந்த ஜான் பிங்கர்டன் தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தார். இயந்திரத்துக்கு ‘லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ்’ என்று பெயர், சுருக்கி லியோ.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விஞ்ஞானியின் கணக்கும் அலுவலகக் கணக்கும் ஒன்றல்ல. விஞ்ஞானி நான்கு எண்களைக் கொடுத்துவிட்டு இயந்திரத்தை மணிக்கணக்கில் ஓடவிடுவார். கடைசியில் அவருக்கு வேண்டியது ஒரு சிறு அட்டவணை. அலுவலகத்தில் எல்லாம் தலைகீழ். ஒருவரின் சம்பளத்தைக் கணக்கிடச் சில கூட்டல், சில பெருக்கல் போதும். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களை உள்ளே செலுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான சீட்டுகளை வெளியே அச்சிட வேண்டும். இயந்திரம் கணக்கு போடும் நேரத்தைவிட, அட்டையைப் படிக்கவும் அச்சிடவும் காத்திருக்கும் நேரம் பல மடங்காகிவிடும். அப்படியானால் குமாஸ்தாவைவிட அது எந்த வகையில் மேல்?

பிங்கர்டனின் குழு இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தது. ஒரே வழியில் உள்ளே, ஒரே வழியில் வெளியே என்ற அமைப்பை விட்டுவிட்டுப் பல உள்ளீட்டு வழிகளையும் பல வெளியீட்டு வழிகளையும் வைத்தார்கள். நிலையான விவரங்கள் ஒரு வழியில், இந்த வாரத்து மாற்றங்கள் இன்னொரு வழியில், சென்ற வாரத்திலிருந்து கொண்டுவந்த பாக்கிகள் மூன்றாவது வழியில். ஒருவரின் கணக்கை இயந்திரம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரின் விவரம் இடைநினைவகத்தில் வந்து காத்திருக்கும். முதலில் இதைக் காந்த நாடாவில் செய்ய முயன்றார்கள். வெளிக் கம்பெனி ஒன்றிடம் செய்யக் கொடுத்த அந்தக் கருவி நம்பகமாக ஓடவே இல்லை. அதில் நீண்ட காலம் வீணானது. கடைசியில் பழகிய துளையட்டைக்கும் காகித நாடாவுக்கும் திரும்பினார்கள். சம்பளக் கணக்கு 1954 வரை தள்ளிப்போனதற்கு இதுவே பெரிய காரணம்.

நினைவகம் பாதரசத்தில் இருந்தது. ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள எஃகுக் குழாய். ஒரு முனையில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றி அனுப்பும். அது பாதரசத்தின் வழியே நகர்ந்து மறுமுனையை அடையும். அங்கே மீண்டும் மின்துடிப்பாகி, சீர்செய்யப்பட்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பும். துடிப்பு சுற்றிக்கொண்டிருக்கும் வரை எண் நினைவில் இருக்கும். எட்சாக்கில் இப்படி 32 குழாய்கள், லியோவில் 64. அதில் அடங்கிய விவரம் இன்று ஒரு சிறிய புகைப்படத்துக்குக்கூடப் போதாது. அந்த இடத்துக்குள்தான் ஒரு பெரிய கம்பெனியின் சம்பள விதிகளை எல்லாம் மடக்கி வைத்தார்கள். இயந்திரத்தில் ஏறத்தாழ 6,000 வால்வுகள். அவற்றில் எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் வேலை தொடங்குமுன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கிச் சோதனை நிரல்களை ஓட்டுவார்கள். நொடிந்துபோகும் நிலையில் உள்ள வால்வு அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

1951 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் காட்பி ஹாலுக்கு வந்து லியோவைப் பார்த்தார். அதே ஆண்டு நவம்பர் இறுதியிலிருந்து பேக்கரி மதிப்பீட்டுக் கணக்கு வாரந்தோறும் லியோவில் ஓடத் தொடங்கியது. ரொட்டி, கேக், பை ஆகியவற்றில் எது எவ்வளவு உற்பத்தியானது, மூலப்பொருளும் கூலியும் சேர்த்து அதன் அடக்கம் என்ன, டீ ஷாப்புக்கும் உணவகத்துக்கும் மளிகைக் கடைக்கும் எவ்வளவு போனது என்ற கணக்கு அது. உள்ளே போகும் விவரம் அதிகமில்லை. ஒருநாள் தாமதமானாலும் யாருக்கும் பாதகமில்லை. முதல் வேலையாக இதைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவர்களின் நிதானம் தெரிகிறது. உலகில் ஒரு வணிக அலுவலகத்தின் அன்றாட வேலை கணினியில் வழக்கமாக நடக்கத் தொடங்கியது அந்த வாரத்திலிருந்துதான். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி தன் லூயிவில் தொழிற்சாலையில் யூனிவாக் கணினியைக் கொண்டு சம்பளக் கணக்கு போட்டது 1954இல்.

இனி டேவிட் கேமினர். லியோவின் நிரல்கள் அனைத்துக்கும் பொறுப்பாக இருந்தவர். 1936இல் லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்து, போருக்குப் போய், துனீசியாவில் ஒரு காலை இழந்து திரும்பியவர். சிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸை நடத்திக்கொண்டிருந்தவரை லியோவுக்குக் கொண்டுவந்தார்கள். மிகக் கண்டிப்பானவர் என்று அவரோடு வேலை பார்த்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்காமல் இயந்திரத்தில் ஏற்ற விடமாட்டார். நிரல் எழுதுமுன் வேலையை முழுதாக வரைந்து காட்ட வேண்டும்: எங்கிருந்து தொடங்குகிறது, எந்த இடத்தில் கிளை பிரிகிறது, விவரம் தவறாக வந்தால் இயந்திரம் என்ன செய்யும், பாதியில் நின்றுபோனால் எங்கிருந்து மீண்டும் தொடங்குவது. இன்று சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று நாம் சொல்லும் வேலை பெரும்பகுதியும் அந்த அறையில் உருவானது.

அந்தக் குழுவில் 1952இல் சேர்ந்தவர் மேரி கூம்ப்ஸ். கல்லூரியில் பிரெஞ்சு மொழி படித்தவர். லயன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, லியோவுக்கு ஆள் எடுக்க நடத்திய பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டு தேர்வானார். வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று இன்று அறியப்படுகிறார். மற்றவர்கள் எழுதிய நிரல்களில் பிழை கண்டுபிடிப்பதில் அவருக்குத் தனித் திறமை இருந்தது. சம்பளக் கணக்கு நிரலிலும் அவர் உழைப்பு உண்டு.

சம்பளக் கணக்கு என்றால் மணிக்கு இவ்வளவு என்று பெருக்கி எழுதுவதோடு முடிவதில்லை. பிரிட்டனில் 1944 முதல் வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடிக்கும் முறை வந்திருந்தது. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து இதுவரை எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு வரி கட்டினார் என்று ஒவ்வொரு வாரமும் பார்த்து இந்த வார வரியைக் கணக்கிட வேண்டும். மேலதிக நேரம், நோய் விடுப்பு, இன்சூரன்ஸ், கடன் பிடித்தம் என்று ஆளுக்கொரு விதம். அனுபவமுள்ள குமாஸ்தாவுக்கு ஒரு தொழிலாளியின் கணக்கை முடிக்க ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆனது. லியோவுக்கு ஒன்றரை வினாடி.

ஆனால் அந்த வேகத்தை நம்பி யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வாரச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் அரிசியும் அடுப்பும்; இயந்திரம் பழுது என்று சொல்லி அனுப்ப முடியாது. அதனால் குமாஸ்தாக்கள் கையால் போடும் கணக்கும் லியோ போடும் கணக்கும் பல வாரங்கள் அக்கம்பக்கமாக ஓடின, இரண்டையும் ஒப்பிட்டார்கள். 1954 தொடக்கத்தில்தான் லியோவின் கணக்கைக் கொண்டு சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். படிப்படியாக ஏறத்தாழ 10,000 பேரின் சம்பளம் அதில் ஏறியது. இந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடிக்கிறது. புதிய முறை ஒன்று வந்ததும் பழையதை அன்றே மூடிவிட்டு, முதல் மாதம் சம்பளம் வராமல் ஊழியர்கள் அலைவதை நம் காலத்திலும் பார்க்கிறோம். 1954இல் அந்தக் குழுவிடம் இருந்த பொறுப்பு இப்போதும் எல்லோரிடமும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

லியோ செய்த வேலைகளிலேயே சிறந்தது எது என்றால், 1954 அக்டோபரில் தொடங்கிய டீ ஷாப் விநியோகக் கணக்கைத்தான் சொல்வேன்.

அப்போது ஏறத்தாழ 150 டீ ஷாப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண் பொறுப்பாளர். மறுநாளுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை கேக், எத்தனை பை வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் அவர்தான் எழுதி அனுப்ப வேண்டும். கடையில் கூட்டம் நெரியும்போது நீளமான படிவத்தை நிரப்ப வேண்டும். படிவம் தலைமை அலுவலகம் வந்ததும் அங்கே குமாஸ்தாக்கள் கடை கடையாகப் பிரித்து, பொருள் பொருளாகக் கூட்டி, பேக்கரிக்கும் சமையல் கூடத்துக்கும் வண்டிக்கும் தனித்தனிப் பட்டியல் எழுதுவார்கள். எல்லாம் இரவுக்குள் முடிய வேண்டும். ஏனென்றால் ரொட்டி இரவில்தான் சுடப்படும்.

இதை அப்படியே இயந்திரத்தில் ஏற்றியிருந்தால் அந்த நீளப் படிவங்களைத் துளையட்டைகளாக மாற்றவே ஒரு படை வேண்டியிருக்கும். கேமினரின் குழு கடைகளின் ஆர்டர்களை உட்கார்ந்து ஆராய்ந்தது. ஒரு கடைக்குத் திங்கட்கிழமை வேண்டியது அடுத்த திங்கட்கிழமையும் பெரும்பாலும் அதேதான். மாறுவது சில பொருள்கள் மட்டும். ஆகவே ஒவ்வொரு கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான ஆர்டரை அட்டைகளில் வைத்துக்கொண்டார்கள். பொறுப்பாளர் சொல்ல வேண்டியது மாற்றங்களை மட்டுமே. அதையும் எழுத வேண்டாம். ஒவ்வொரு கடைக்கும் பிற்பகலில் ஒரு நேரம் குறித்து வைத்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு காட்பி ஹாலிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைப்பார். பொறுப்பாளர் சொல்லச் சொல்ல, காதில் ஹெட்ஃபோனோடு அவர் நேரே அட்டையில் துளையிடுவார். அழைப்பு முடியும்போது ஆர்டர் அட்டையில் இருக்கும்.

அதன் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். நிலையான ஆர்டரையும் மாற்றத்தையும் லியோ சேர்த்துப் பார்க்கும். எந்தப் பேக்கரி எதை எவ்வளவு செய்ய வேண்டும், எந்தக் கடைக்கு எதைக் கட்டிவைக்க வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல்கள் வரும். அனுப்பிய சரக்கின் மதிப்பும் அதே ஓட்டத்தில் கணக்காகிவிடும். ஒருமுறை உள்ளே போன எண்ணை மறுபடி யாரும் எழுதுவதில்லை. பேக்கரிக்காரரும் வண்டிக்காரரும் கணக்குப்பிள்ளையும் ஒரே விவரத்திலிருந்து பிறந்த வெவ்வேறு காகிதங்களைப் பார்க்கிறார்கள். இன்று ஒரு செயலியில் உணவு ஆர்டர் செய்ததும் சமையல்காரருக்கும் விநியோகிப்பவருக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறதே, அதன் முழு வடிவமும் 1954இல் அங்கே இருந்தது.

இதில் என்னை மிகவும் கவர்வது, பொறுப்பாளரின் தீர்ப்பை அவர்கள் கைவைக்காமல் விட்டது. நாளை மழை வருமா, பக்கத்துத் தியேட்டரில் புதுப் படமா, தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா என்பது கடையில் நிற்பவருக்குத்தான் தெரியும். எத்தனை கேக் வேண்டும் என்று இயந்திரம் அவருக்குச் சொல்லவில்லை. அவர்தான் இயந்திரத்துக்குச் சொன்னார். அலுத்துப்போகும் எழுத்துவேலை மட்டும் அவர் தோளிலிருந்து இறங்கியது. எந்தப் பகுதி மனிதருக்கு, எந்தப் பகுதி இயந்திரத்துக்கு என்று கோடு போட்டதில் கேமினர் குழுவுக்கு இருந்த தெளிவை, இன்று வேலைகளைத் தானியங்கியாக்கப் புறப்படும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

தேயிலைக் கலவைக் கணக்கும் லியோவுக்கு வந்தது. லண்டன் ஏலத்தில் வாங்கும் தேயிலைப் பெட்டிகள், கிரீன்ஃபோர்டில் இருந்த லயன்ஸ் தொழிற்சாலையில் கலக்கப்படும் வரையிலான இருப்புக் கணக்கு. லண்டன் ஏலத்துக்கு அன்று வந்த தேயிலையில் இலங்கை மலைநாட்டுத் தேயிலையும் உண்டு. அந்தக் கொழுந்தைப் பறித்த நம் மக்களின் உழைப்புக்கான கணக்கோ செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் கையால் எழுதப்பட்டது. சொன்ன எடை பறிக்காதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. ஒரே பண்டத்தின் பயணத்தில் ஒரு முனையில் உலகின் முதல் வணிகக் கணினி. மறுமுனையில் அரைப்பேரா முழுப்பேரா என்று ஒருவரின் பேனா தீர்மானித்த கூலி. அலுவலகத்தின் வரலாற்றை எழுதும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, குமாஸ்தாக்கள் என்ன ஆனார்கள்? போருக்குப் பிந்தைய லண்டனில் எழுத்துவேலைக்கு ஆள் கிடைப்பதே கடினமாக இருந்தது. லயன்ஸின் கணக்குப் பிரிவுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். திருமணமானதும் பலர் வேலையை விட்டுப் போனார்கள். அப்படிக் காலியான இடங்களை நிரப்பாமல் விட்டதிலேயே ஆள்குறைப்பு பெருமளவு நடந்துவிட்டது. கூட்டல் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் உட்கார்ந்து ஒரே கணக்கைப் போடும் வேலை மனிதருக்கு ஏற்றதல்ல என்று சிம்மன்ஸ் உளமார நம்பினார். அது நேர்மையான நம்பிக்கை. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை. கூட்டல் வேலை போன இடத்தில் துளையிடும் வேலை வந்தது. அதுவும் இளம்பெண்களுக்குத்தான் போனது; அதுவும் நாள்முழுதும் ஒரே வேலைதான். கணக்கு தெரிந்த பெண் என்று அதுவரை அவர்களுக்கு இருந்த மரியாதை துளையிடும் மேசையில் கிடைக்கவில்லை. வேலைச்சுமை இறங்கியதை எழுதும் வரலாறு இதையும் எழுத வேண்டும்.

லியோவின் பெயர் பரவியதும் வெளியார் வேலைகள் வந்தன. ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் சம்பளக் கணக்கு, வருமான வரி அட்டவணைகள், வானிலைத் துறையின் முன்கணிப்புச் சோதனைகள், சரக்குக் கட்டணத்துக்காக ரயில் நிலையங்களுக்கிடையே தூரக் கணக்கு. 1954இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனிக் கம்பெனியே தொடங்கினார்கள். 1957இல் லியோ-2 வந்தது. 1960களின் தொடக்கத்தில் வந்த லியோ-3 ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டக்கூடியது. அன்று அது மிக முன்னேறிய இயந்திரம். தென்னாப்பிரிக்கா வரை விற்றது.

ஆனால் கணினி செய்து விற்பதற்குக் கொட்ட வேண்டிய முதல் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது. உணவு வியாபாரத்தில் வரும் லாபம் அதற்குப் போதவில்லை. ஐபிஎம் உலகம் முழுவதும் விற்பனையாளர்களை இறக்கியிருந்தது. 1963இல் லியோ கம்பெனி இங்கிலிஷ் எலக்ட்ரிக்கோடு இணைந்தது. அடுத்தடுத்த இணைப்புகளுக்குப் பின் 1968இல் ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்குள் அதன் மிச்சம் போய்ச் சேர்ந்தது. முதல் லியோ 1965இல் நிறுத்தப்பட்டது. 1978இல் லயன்ஸ் கம்பெனியே கைமாறியது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை வாங்கிய லியோ இயந்திரங்கள் மட்டும் 1981 வரை ஓடின.

இயந்திரங்கள் போனாலும் மனிதர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். லியோவில் பழகிய ஃபிராங்க் லேண்ட், நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்தவர். பிற்காலத்தில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியராகி, தகவல் அமைப்புகளை ஒரு பாடமாக வளர்த்தார். வேலையை முதலில் ஆராய்வது, விதிவிலக்குகளைத் தேடுவது, அதன் பிறகே நிரல் எழுதுவது என்ற வரிசை இப்படித்தான் லயன்ஸின் பேக்கரியிலிருந்து பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது.

லியோ-3 விற்பனைக்கு வந்த அதே பத்தாண்டில் நம் நாட்டின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணினி வாங்கத் தொடங்கியது. இங்கே நிலைமை வேறு. போருக்குப் பிந்தைய லண்டன் எழுத்துவேலைக்கு ஆள் தேடியது. இங்கே படித்த இளைஞர்கள் வேலைக்கு வரிசையில் நின்றார்கள். கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் இயந்திரத்தை நுழையவிட மாட்டோம் என்று ஊழியர்கள் காவலிருந்தார்கள். அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள், அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)